ஓப்பனிங் பேலன்ஸ்

என் மகள் ஏழாம் வகுப்பில் முதல் கண்ணாடி போட்டாள். பார்த்தவர்கள் எல்லாம், "அப்படியே அப்பா ஜாடை!" என்றார்கள். நான் பெருமைப்பட்டேன். அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்குக் கண்ணாடி வந்தது ஆறாம் வகுப்பில். அதுவரைக்கும் கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் ஒருநாள் லீவு போட்டதில் குட்டு உடைந்துவிட்டது. அதற்கப்புறம் ஸ்கூல் முடியும் வரை என் பெயர் சோடாபுட்டி. அப்பா என்பவன் மகளுக்கு வீடு, நகை, நல்ல பேர் என்று எதையெதையோ கொடுக்க நினைப்பான். நான் என் மகளுக்கு முதலில் கொடுத்த சொத்து மைனஸ் பவர்.

இப்போது அவளுக்கு 22 வயசு. எங்கள் வீடு காட்டாங்குளத்தூரில். பரனூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. காலேஜில் சேர்ந்த கையோடு கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு கான்டாக்ட் லென்ஸுக்கு மாறிவிட்டாள். சிலிண்டர் பவரும் உண்டு என்பதால் 'டோரிக்' என்கிற ரகம். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியில் நடந்து ஸ்டேஷனுக்குப் போய், செங்கல்பட்டு வண்டி ஏறி, சாயங்காலம் திரும்பி வருகையில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும். வந்ததும் லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்குவாள். "ஏன்டி, கண்ணா மாவா?" என்பாள் என் மனைவி.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாசம் அறிவித்தாள். "அப்பா, லேசிக் பண்ணிக்கப் போறேன். என் காசுலதான். நீங்க கூட மட்டும் வாங்க."

என் காசு என்று சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? நகருக்குள் இருக்கும் ஒரு கண் மருத்துவமனைக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மனப்பாடமாகச் சொன்னது இது: டெஸ்ட்டுக்கு மூன்று வாரம் முன்பே டோரிக் லென்ஸை நிறுத்திவிட வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர் வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள். அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது.

லென்ஸ் விஷயத்தில் இதுதான் பொதுவான கணக்கு. சாதாரண சாஃப்ட் லென்ஸ் என்றால் இரண்டு வாரம். டோரிக், அப்புறம் காற்று புகும் கெட்டி லென்ஸ் என்றால் மூன்று வாரம். பழைய காலத்து ஹார்டு லென்ஸ் என்றால் நாலு வாரம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 'ஆபரேஷனுக்கு முன்னால்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, முதல் டெஸ்ட்டுக்கே முன்னால்.

எங்கள் வீட்டில் முதலில் தயாரானது என் அம்மாதான். பீரோவில் துணிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். பேத்தியின் கண்ணாடிச் சீட்டுகள், ஏழாம் வகுப்பிலிருந்து வரிசையாக! லேசிக்கில் இந்தச் சீட்டுகளுக்கு மதிப்பு அதிகம். பவர் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை. கடைசி ஒரு வருஷத்தில் அரை பாயின்ட்டுக்கு மேல் மாறியிருக்கக் கூடாது என்பார்கள். 18 வயசு ஆகியிருந்தால் மட்டும் போதாது, பவரும் நின்றிருக்க வேண்டும்.

"கண்ணப்ப நாயனாரே, ரெண்டாவது கண்ணைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, இடம் தெரியணும்னு சாமி கண்ணுல கால் கட்டைவிரலை வெச்சு அடையாளம் பண்ணிக்கிட்டார். முன்னேற்பாடு இல்லாம கண்ணுல கை வைக்கக் கூடாதுடா" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் காளத்தீஸ்வரர் கோயில் இருப்பதால், கண் பற்றிப் பேச்சு வந்தால் அம்மாவுக்குக் கண்ணப்பர் கூடவே வந்துவிடுவார்.

எல்லாரும் சரியாகத்தான் இருந்தோம், இரண்டாவது வாரக் கடைசியில் செங்கல்பட்டில் என் அண்ணன் மகள் கல்யாணம் வரும் வரை.

ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது கண்ணாடியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். போட்டோவில் எல்லாம் இரண்டு கண்ணுக்குப் பதில் இரண்டு ட்யூப்லைட் தெரியும் என்றாள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன். மறைக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை.

"ஒரு நாள்தானே? போட்டுக்கோ. டாக்டர்கிட்ட யார் சொல்லப் போறா?"

அடுத்த சனிக்கிழமை மின்சார ரயிலில் போனோம். மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, மூட்டு வாதம் மாதிரி வியாதிகள் உண்டா, முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்று கேள்விகள். எல்லாம் காரணத்தோடுதான். சில பரு மாத்திரைகள் கண்ணைக் காய வைக்கும். கர்ப்ப காலத்தில் பவரே தற்காலிகமாக மாறலாம். கடைசியில் ஒரு கேள்வி: கடைசியாக லென்ஸ் போட்ட தேதி?

மகள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு தேதியை எழுதினாள்.

நான் பி.காம். முடித்துவிட்டு ஆறு மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன். அங்கே பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வார். "நடுவுல கூட்டல் தப்பா போட்டா கண்டுபிடிச்சுடலாம்ப்பா. ஓப்பனிங் பேலன்ஸே பொய்யா இருந்தா, அதுக்கப்புறம் நீ சரியா போடற கணக்கெல்லாம் சேர்ந்து உன்னைக் கவுத்துடும்." அன்றைக்கு அந்தப் படிவத்தைக் கையில் வைத்திருந்தபோது அவர் ஞாபகம் வரவில்லை. ஞாபகங்கள் எல்லாம் நேரம் கழித்துத்தானே வருகின்றன!

டெஸ்ட்டுகள் ஆரம்பமாயின. இத்தனை டெஸ்ட்டா என்று மலைத்துவிட்டேன். தாடையை ஒரு கிண்ணத்தில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, லைட்டைப் பார் என்பார்கள். ஒரு மெஷின் கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுக்கும். கருவிழி என்று நான் சொல்வது, கண்ணுக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிவான படலத்தை. இன்னொரு மெஷின் அதன் கனத்தை அளக்கும். இருட்டில் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று ஒன்று பார்க்கும். கீழ் இமைக்குள் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிஷத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்த்தார்கள். கண்ணீரை ஸ்கேல் வைத்து அளப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாசம் கண் வறண்டு போவது சகஜம். ஏற்கெனவே வறண்ட கண் என்றால் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

அப்புறம் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, உள்ளே விழித்திரையைப் பார்த்தார்கள். கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண் உருண்டை கொஞ்சம் நீளம். அதனால் விழித்திரை இழுபட்டு ஓரத்தில் மெலிந்திருக்கலாம், ஓட்டை இருக்கலாம். லேசிக் சரி செய்வது முன்பக்கக் கருவிழியை மட்டும்தான். பின்பக்கம் அப்படியேதான் இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்று விழித்திரைக்கு யாரும் தகவல் சொல்வதில்லை! ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

'வந்ததுதான் வந்தோம்' என்று நானும் ஒரு டெஸ்ட்டுக்கு உட்கார்ந்தேன். நப்பாசைதான்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். முதலில் என் சீட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் இது?"

"கண்ணாடி இல்லாம ஒரு தடவை வாழ்ந்து பார்க்கலாம்னு..."

"பேப்பர் படிக்கும்போது என்ன பண்றீங்க?"

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிப்பேன்."

சிரித்தார். "உங்களுக்கு மைனஸ் 4. அதாவது வெறுங்கண்ணால 25 சென்டிமீட்டர்ல இருக்கிறது உங்களுக்குத் தெளிவாத் தெரியும். 48 வயசுல ஊர்ல எல்லாரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கிட்டிருக்காங்க. உங்களுக்கு அதை ஆண்டவன் இலவசமா ஃபிட் பண்ணிக் கொடுத்திருக்கார். நான் லேசர் பண்ணினா தூரக் கண்ணாடி போயிடும், படிக்கற கண்ணாடி வந்துடும். எழுதறவர் நீங்க. எது வேணும்?"

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொரு கண்ணைக் கிட்டத்துக்குமாக வைத்துச் சமாளிக்கும் முறையும் உண்டாம். ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துப்போகாது. முதலில் கான்டாக்ட் லென்ஸில் அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். என் கேஸ் இரண்டு நிமிஷத்தில் தள்ளுபடி.

பிறகு மகளின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். சிரிப்பு போய்விட்டது.

டி.வி.யில் வானிலைச் செய்திக்குக் காட்டுகிற மேப் மாதிரி இருந்தது. கருவிழி செங்குத்தாக இருக்கும் இடம் சிவப்பு. தட்டையான இடம் நீலம். ஒழுங்கான கண்ணில் அந்த நிறங்கள் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக இருக்கும். என் மகளின் வலது கண்ணில் சிவப்பு கீழ்ப்பக்கமாக வழிந்திருந்தது.

"லென்ஸ் எப்போம்மா கழட்டினே?"

"மூணு வாரம் ஆச்சு டாக்டர்."

"நிச்சயமா?"

"ம்..."

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்த மாதிரி ஷேப் வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, லென்ஸ் அழுத்திக்கிட்டே இருந்ததால கருவிழி கோணலாகியிருக்கணும். மோதிரத்தைக் கழட்டினா விரல்ல தடம் இருக்குமே, அது மாதிரி. கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும். ரெண்டாவது, கெரடோகோனஸோட ஆரம்பம். கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வர்ற வியாதி. இந்த வயசுலதான் பெரும்பாலும் தெரிய வரும். கண்ணைக் கசக்கறவங்களுக்கு அபாயம் ஜாஸ்தி. நீ கசக்குவியா?"

தலையாட்டினாள்.

"மூணு வாரமா லென்ஸ் போடலைன்னு எழுதியிருக்கே. அப்போ முதல் காரணத்தை நான் அடிச்சுடணும். மிச்சம் இருக்கறது ரெண்டாவதுதான்."

எனக்குக் கை சில்லிட்டது. ஒரு பொய் சொன்னால் என்ன ஆகும்? மிஞ்சிப்போனால் ஆபரேஷன் கொஞ்சம் பிசகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே நிலைமை தலைகீழ். எங்கள் பொய், நல்ல கண்ணாக இருக்கக்கூடிய ஒன்றை வியாதிக் கண்ணாக்கிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே வியாதியாக இருந்தாலோ, அதையும் எங்கள் பொய் குழப்பிவிடும். எது எப்படி என்று டாக்டருக்குத் தெரிய ஒரே வழி அந்தத் தேதி. அதைத்தான் நாங்கள் திருத்தி எழுதியிருந்தோம்.

"டாக்டர்... போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு லென்ஸ் போட்டா. நான்தான் போட்டுக்கச் சொன்னேன்" என்றேன். 48 வயசில், வாத்தியார் முன்னால் நிற்கும் ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. மகளைப் பார்த்தார். "அன்னிக்கு மட்டும்தானா?"

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அழுதாள்.

"இல்ல டாக்டர். ஆபீஸுக்கு தினமும் போட்டுட்டுத்தான் போனேன். வீட்ல மட்டும்தான் கண்ணாடி. நேத்திக்குக்கூட..."

காலையில் கண்ணாடியோடு கிளம்பி, ஆபீஸ் போனதும் லென்ஸ். சாயங்காலம் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு வீடு. மூன்று வாரமும் எங்களுக்கு நல்லபிள்ளை! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'யார் சொல்லப் போறா?' என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, கோபம் எந்த முகத்தோடு வரும்?

"நல்லவேளை சொன்னே" என்றார் டாக்டர். "இப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுதான் உண்மை. லென்ஸாவும் இருக்கலாம், வியாதியாவும் இருக்கலாம். மூணு வாரம் முழுசா லென்ஸ் இல்லாம வா. கண்ணைக் கசக்காதே. அரிச்சா போட்டுக்க மருந்து தர்றேன். திரும்பவும் எடுத்துப் பார்ப்போம். ஷேப் மாறியிருந்தா, மாறி முடிஞ்சு நின்னுடுச்சான்னு இன்னொரு தடவையும் பார்ப்போம்."

"ஒருவேளை அந்த வியாதியா இருந்தா?" என்றேன்.

"லேசர் கிடையாது. கருவிழி ஏற்கெனவே பலவீனம். அதுல போய் நான் இன்னும் மெலிசாக்கினா, முன்னாடி தள்ளிக்கிட்டு வந்து பார்வை கெட்டுக்கிட்டே போகும். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும்கூடப் போயிடலாம். ஆரம்பத்துலயே தெரிஞ்சா அதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கு. அப்படிப் பார்த்தா, இந்த டெஸ்ட்டுக்கு வந்ததே லாபம்தான்."

திரும்பி வரும் ரயிலில் சொட்டு மருந்தின் வேலையால் அவளுக்கு வெளிச்சம் கூசியது. என்னுடைய கூலிங் கிளாஸை அவள் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டியதும், "சாரிப்பா" என்றாள். நானும் சொன்னேன்.

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அவள் கண்ணாடியோடு ஆபீஸ் போனாள். லென்ஸ் டப்பாவைத் தானே கொண்டுவந்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டாள். கை கண்ணருகே போனால் என் மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். எப்படித்தான் தெரியுமோ! நான் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அந்த வியாதியைப் பற்றிப் படித்துப் பயந்தேன். பயம் அதிகமானால் லேசரின் கதையைப் படித்தேன். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார்.

ரங்கசாமி ஸ்ரீனிவாசன். மெட்ராஸில் 1929-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளங்கலையும் 1950-ல் முதுகலையும் முடித்துவிட்டு அமெரிக்கா போய், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே எக்ஸைமர் லேசர் என்று ஒரு புற ஊதாக் கதிர்க் கருவி. 1981 நவம்பரில் அமெரிக்கர்களின் 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை லேபுக்கு எடுத்துப் போய், அந்த லேசரை அதன்மேல் விட்டுப் பார்த்தார். துல்லியமாக வெட்டியது. சுற்றியிருந்த இடம் கருகவில்லை! சாதாரண லேசர் சூட்டினால் பொசுக்கும். இது மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைத்து, மெல்லிய அடுக்காக எடுத்துவிடுகிறது. அவரும் சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரும் சேர்ந்து இதை மருத்துவத்துக்குக் கொண்டுவர வழி செய்தார்கள். 2013-ல் மூவருக்கும் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசிய விருது கொடுத்தார்.

விருதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. 1981-ல் வான்கோழி. 1983-ல் ஸ்டீபன் ட்ரோகெல் என்கிற கண் டாக்டரோடு சேர்ந்து கருவிழி பற்றிய முதல் கட்டுரை. அப்புறம் சோதனை மேல் சோதனை. அமெரிக்க அரசு, 'சரி, கிட்டப்பார்வைக்கு இந்த லேசரைப் பயன்படுத்தலாம்' என்று முதல் அனுமதி கொடுத்தது 1995-ல். பதினான்கு வருஷம்! மெஷின் பதினான்கு வருஷம் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறது. நாம் மூன்று வாரம் கண்ணாடி போட மாட்டேன் என்கிறோம். இதை மகளிடம் சொன்னேன். "நீங்களும்தான் ரிசப்ஷனுக்கு..." என்று ஆரம்பித்தாள். நான் பேப்பரை எடுத்து 25 சென்டிமீட்டரில் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனோம். அதே கிண்ணம், அதே பட்டை, அதே லைட். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கீழே வழிந்திருந்த சிவப்பு பெரும்பாலும் ஏறிப் போயிருந்தது. எனக்கே தெரிந்தது.

"லென்ஸ் பண்ணின வேலைதான் போலிருக்கு. ஆனா இன்னிக்கே முடிவு சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டு வாரம்."

இரண்டு வாரம் கழித்து எடுத்த படம், முந்தைய படத்தைப் போலவே இருந்தது. கருவிழியின் பின்பக்கமும் ஒழுங்காக இருந்தது. கண் தன் சொந்த வடிவத்துக்கு வந்து நின்றுவிட்டது. முதல் தடவை எடுத்த பவருக்கும் இப்போதைய பவருக்கும் வலது கண்ணில் அரை பாயின்ட் வித்தியாசம். சிலிண்டரின் கோணமும் திரும்பியிருந்தது. முதல் படத்தில் சந்தேகம் எழாமல் ஆபரேஷன் நடந்திருந்தால், அந்தத் தப்பான பவரைத்தான் கருவிழியில் நிரந்தரமாகச் செதுக்கியிருப்பார்கள்.

அப்புறம் டாக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பி.காம். படித்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கருவிழியின் கனம் 528 மைக்ரான். அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இது ஆரம்ப இருப்பு. மேலே மூடி மாதிரி ஒரு மெல்லிய ஏடு திறக்க வேண்டும், அதற்கு 110. பவரைச் சரி செய்ய லேசர் எடுக்கும் கனம், ஒரு பாயின்ட்டுக்குச் சுமார் 15 வீதம் ஆறு பாயின்ட்டுக்கு 90. ஆக மொத்தச் செலவு 200. மிச்சம் 328. மூடிக்குக் கீழே 250-ஆவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. பல டாக்டர்கள் அதற்கும் மேலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். மொத்தச் செலவு ஆரம்ப இருப்பில் 40 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்றும் பார்க்கிறார்கள். இவளுக்கு 38.

பேங்க் அக்கவுன்ட்டில் மினிமம் பேலன்ஸ் வைக்கிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த அக்கவுன்ட்டில் திரும்பப் பணம் போடவே முடியாது. எடுப்பது மட்டும்தான். அதனால்தான் பவர் ரொம்ப அதிகமாகவோ கருவிழி மெல்லியதாகவோ இருப்பவர்களுக்கு, 'வேண்டாம்' அல்லது 'வேறு வழி பார்ப்போம்' என்கிறார்கள். மூடி திறக்காமல் மேலாகவே செய்வது, கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. வெளியே பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், 'வேண்டாம்' என்ற பதிலோடு முகம் வாடி வந்தான். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இல்லை. அவன் கண்ணைக் காப்பாற்றிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஆபரேஷன் நாளுக்கும் ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். சில நாள் முன்பிருந்தே கண் மை, மஸ்காரா கூடாது. அன்றைக்கு பவுடர், க்ரீம், சென்ட் எதுவும் கூடாது. மை துணுக்கு கண்ணுக்குள் போனால் தொற்று. சென்ட்டின் ஆவி லேசருக்கு ஆகாது. கூட வருகிறவரும் சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம் என்றார்கள். அப்புறம் சில நாள் தலைக்குக் குளிக்க முடியாது என்பதால் முதல் நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும். கழுத்துவழி மாட்டும் சட்டை வேண்டாம், பட்டன் வைத்ததாகப் போட்டுக்கொண்டால் கழற்றும்போது கண்ணில் படாது. அம்மா விபூதி கொண்டு வந்தாள். லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "பவுடரே கூடாதுன்னா இதுவும்தான்டா" என்று தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட ஒரு படிவம் வந்தது. அதிலும் அந்தக் கேள்வி இருந்தது: கடைசியாக லென்ஸ் போட்ட தேதி? மகள் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். முதல் டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் தேதி. சரியாக இருந்தது.

உள்ளே போய்விட்டு அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டாள். லேசர் ஓடியது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லையாம். மூடி திறந்ததும் எல்லாம் மங்கலாகிவிட்டது, பயந்துவிட்டேன் என்றாள். முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசனை என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல், கண்ணீர். காரின் பின்சீட்டில் என் மனைவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே வந்தாள், தூக்கத்தில்கூடக் கசக்கிவிடக் கூடாது என்று.

மறுநாள் செக்கப். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. கண்ணில் இன்னும் வறட்சி இருக்கிறது. சொட்டு மருந்து பாட்டில் அவள் கைப்பையில் லென்ஸ் டப்பா இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ராத்திரியில் ஜி.எஸ்.டி. ரோட்டு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறாள். நாளாக நாளாகக் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் காலையில் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அவளுடைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியும் பிளாட்பாரத்தில் சேர்ந்துகொண்டாள். அவளும் லேசிக் செய்துகொள்ளப் போகிறாளாம். "லென்ஸை மூணு வாரம் கழட்டணும்கறாங்கடி. ஒரு வாரம் கழட்டிட்டு மூணுன்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டாள்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அப்பாவைக் கேளு" என்றாள்.